தங்கச்சி வீட்டுச் சொட்டுக்குழாய்

சுரண்டிக்குப் பயம் வந்தால் வியர்க்காது, கை நடுங்காது. ஜோக் வரும். பல் பிடுங்கப் போன இடத்தில், ஊசியைப் பார்த்ததும், "பாத்து புடுங்குங்க டாக்டர், பக்கத்துப் பல்லுக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, மாத்திப் புடுங்கினா வாய்க்குள்ள கலவரம் வந்துடும்" என்று சொன்ன ஆள் அவர். டாக்டர் சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. 'பயமே தெரியாத மனுஷன்' என்று அந்தப் பேட்டை முழுக்க அவருக்குப் பெயர். உண்மை அவருடைய பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் ஒரு ஜோக் சொன்னால் லேசான பயம், தொடர்ந்து சொன்னால் பெரிய பயம் என்று அவள் கணக்கு வைத்திருந்தாள். ஜோக்கே வராத பயம் ஒன்று இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, அந்த மத்தியானம் வரைக்கும்.

சுரண்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தண்ணீர் வைத்த பெயர். அந்தப் பேட்டைத் தண்ணீர் அப்படி. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், குணம் கல். சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, தேய்த்தவருக்கு வேண்டுமானால் வாயில் நுரை வரும். தலை குளித்தால் முடி துடைப்பம் மாதிரி நிற்கும். குழாய் மூக்கில் வெள்ளையாகப் படை கட்டும், ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டும், ஷவரின் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு கடைசியில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பீய்ச்சும். குளிக்கிறவர் அந்தச் சுவரோரமாகப் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். சிறு வயதில் ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த சுரண்டி, துணி துவைத்ததை விட மிஷினுக்குள் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டியதுதான் அதிகம். அப்படியே அது தொழிலாகிவிட்டது. ஹீட்டர், குழாய், தொட்டி, கெட்டில் என்று எங்கே சுண்ணாம்பு படிந்தாலும் ஆள் அனுப்புவார்கள். "இந்தத் தண்ணி மட்டும் நல்லா இருந்திருந்தா நான் என்னைக்கோ பட்டினி கிடந்து செத்திருப்பேன். எல்லாரும் சாமி கும்பிடுவாங்க, நான் குழாயக் கும்பிடுறேன்" என்பார்.

வேலையில் மட்டும் விளையாட்டே கிடையாது. ஒரு கட்டடத்தின் குழாய் முழுக்க அடைத்துக்கொண்டால் தண்ணீரை வடித்துவிட்டு, ஆசிட் கலந்த தண்ணீரை ஏற்றி, குழாய்க்குள் ஊற விடுவார். அந்த நேரத்தில் எவரும் குழாயைத் திறந்துவிடக் கூடாது. அதனால் பழைய சிவப்புப் போர்வை ஒன்றைக் கிழித்து வைத்திருந்தார், வீடு வீடாகப் போய் ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். ஊறி முடிந்ததும் வடித்து, நல்ல தண்ணீரை வேண்டிய மட்டும் ஓட விட்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒரு டம்ளர் பிடிப்பார். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அதற்குள் குச்சி கிடையாது, சுரண்டி எடுத்த சுண்ணாம்புத் தூள்தான். ஒரு சிட்டிகையை டம்ளரில் போடுவார். உஸ்ஸென்று பொங்கினால் இன்னும் ஆசிட் இருக்கிறது என்று அர்த்தம். சும்மா அடியில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் சுத்தம். அதற்கப்புறம்தான் துணியை அவிழ்ப்பார், அதுவும் அவர் கையால் மட்டும். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வந்தது இல்லை.

அன்றைக்குக் காலையில் அவர் வேலை செய்தது அவருடைய தங்கச்சி குடியிருக்கிற கட்டடத்தில். மேல் மாடிகளில் தண்ணீர், மூக்கு ஒழுகுகிற மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

தங்கச்சிக்கு வீடு உச்சி மாடியில். கல்யாணம் ஆகி வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து பெற்ற பெண் குழந்தை, இன்னும் குப்புற விழக்கூட ஆரம்பிக்கவில்லை. தாய்ப்பால் போதாமல் புட்டிப் பால். குழந்தை பிறந்த நாளிலிருந்து சுரண்டி அதை 'என் மருமக' என்றுதான் சொல்வார். அதைத் தூக்க மட்டும் பயம். கையில் கொடுத்தால், "வேணாம்மா, என் கை உப்புத்தாள் மாதிரி, தேய்ஞ்சிடும்" என்று பின்வாங்கிக்கொண்டே போவார்.

ஆசிட் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கக் கை வராது. படுக்கையறை அலமாரி மேல் இருந்த கெட்டிலை எடுத்துத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளைப் பாறை.

"என்னம்மா இது? கெட்டிலா, குகையா? உள்ள வௌவால் இருந்தா சொல்லிடு, நான் கை விட மாட்டேன்."

"அத வெச்சிடுண்ணா."

"தண்ணி ஊத்த இடமே இல்லையே! குடு, தேய்ச்சுப் பளபளன்னு கொண்டாந்து தர்றேன். முகம் பாத்துக்கலாம்."

"நீ கொண்டு போன ஹீட்டர் திரும்பி வர்றதுக்குள்ள எனக்குக் குழந்தையே பிறந்துடுச்சு. கெட்டிலையும் கொண்டு போனா இவ கல்யாணத்துக்குத்தான் வரும். வெச்சிடு, பாப்பாவுக்கு அடுத்த பாலுக்கு வேணும்."

பிடுங்கி வைத்துவிட்டாள். சுரண்டி சிரித்துக்கொண்டே போய்க் குழாய்களை வடித்து, கழுவி, தீப்பெட்டியைத் திறந்து, வீடு வீடாகச் சோதித்துத் துணிகளை அவிழ்த்தார். எங்கேயும் பொங்கவில்லை. எல்லாரும் குழாயைத் திறந்து பார்த்து அசந்து போனார்கள். தண்ணீர் வாளியை உடைத்துவிடுகிற மாதிரி விழுந்தது.

வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது வாய் பாதி வழியில் இருந்தபோது பெண்டாட்டி ஆரம்பித்தாள்.

"ஊர்க் குழாய்க்கெல்லாம் வைத்தியம் பாருங்க. நம்ம சமையலறைக் குழாய் ஒரு மாசமா கக்குது, கேக்க நாதி இல்ல. உங்க தங்கச்சிக்குன்னா மட்டும் படுக்கையறைக்குள்ளயே குழாய் போட்டுக் குடுப்பீங்க."

கை அப்படியே நின்றது.

படுக்கையறைக்குள் குழாய். ஆமாம், போட்டது அவர்தான். தங்கச்சி மாசமாக இருந்தபோது டாக்டர் அதிகம் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சமையலறை ஒரு கோடியில், படுக்கை மறு கோடியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரண்டி பையைத் தூக்கிக்கொண்டு போய், குளியலறைச் சுவரைத் துளைத்து, மெல்லிசாக ஒரு குழாயை அலமாரிப் பக்கம் இழுத்து, பையில் கிடந்த பழைய குழாய்த் திருகு ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அது அன்றைக்கிலிருந்தே சொட்டியது. "இது குழாய் இல்லம்மா, கடிகாரம். டிக் டிக்னு சொட்டும், பாப்பா தூங்கிடும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கட்டடத்தில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் அது கட்டடம் கட்டியவன் போட்ட குழாய்களின் கணக்கு. அவர் பாசத்தில் போட்ட குழாய் அந்தக் கணக்கில் இல்லை. காலையில் அதன் மேல் பாப்பாவின் துணி காய்ந்துகொண்டிருந்ததால் கண்ணிலும் படவில்லை. சிவப்புத் துணி கட்டவில்லை. நல்ல தண்ணீர் ஓட விடவில்லை. தீப்பெட்டியைத் திறக்கவில்லை.

அது சொட்டுகிற குழாய். சொட்டாமல் ஒழுங்காக மூடியிருந்திருந்தால் ஆசிட் அவ்வளவு தூரம் வந்திருக்காது. சொட்டிச் சொட்டி, காலை முழுக்க ஆசிட்டைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, அது பாட்டுக்கு அங்கே நின்றுகொண்டிருக்கும். அடுத்து யார் திறந்தாலும் முதலில் வருவது அதுதான். ஒரு கெட்டில் அளவு.

"என்னங்க?" என்றாள் பெண்டாட்டி. ஜோக் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "என்னங்க, எதையாவது சொல்லுங்களேன், எனக்குப் பயமா இருக்கு!"

"தங்கச்சிக்குப் போன் போடு" என்றார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. பாப்பா தூங்கும்போது தங்கச்சி போனைச் சத்தம் இல்லாமல் வைத்துவிடுவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எழுந்ததும் பால் கலக்குவாள் என்பதும் தெரியும். சுரண்டி கையைக் கூடக் கழுவாமல் தங்கச்சி புருஷனைக் கூப்பிட்டார். அவன் பஸ் டிரைவர், டிப்போவில் சாப்பாட்டு நேரம்.

"மாப்ள, உன் பொண்டாட்டி போன எடுக்கல. படுக்கையறைக் குழாய்த் தண்ணியில பால் கலக்கக் கூடாதுன்னு எப்படியாவது சொல்லு. அதுல ஆசிட் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "மச்சான், போன மாசம் மொட்டமாடித் தொட்டியில முதலை இருக்குன்னீங்க. நான் ஏணி போட்டு ஏறிப் பாத்தேன். இப்ப ஆசிட்டா? இருங்க, நம்ம பசங்க கிட்டயும் சொல்றேன், ஸ்பீக்கர்ல போடுறேன்."

சுரண்டி அதற்குள் வாசலில் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்? மச்சான்..." போனில் சிரிப்பு மெல்ல இறங்கியது. "மச்சான், நீங்க ஏன் சிரிக்கல?"

"நீ மாப்ளகிட்ட பேசு" என்று போனைப் பெண்டாட்டி கையில் திணித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த மொபெட் நல்ல நாளிலேயே எருமைக்கு வழிவிட்டுப் போகிற வண்டி. அன்றைக்குப் பார்த்து முன்னால் ஒரு தண்ணி லாரி. தெருவை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. பின்னால் இருந்த திருகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. டிக், டிக். சுரண்டி ஹாரனை அடித்தார், அது கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. லாரிக்காரன் கையை வெளியே நீட்டி, 'இரு இரு' என்றான்.

தங்கச்சி பால் கலக்குவது அவர் கண்ணுக்குள் ஓடியது. அவள் செய்கிற ஒவ்வொன்றையும் கிண்டல் பண்ணியே மனப்பாடமாகியிருந்தது. கெட்டிலில் தண்ணீர் பிடிப்பாள். கொதிக்க வைப்பாள். ஆற விடுவாள். புட்டியில் ஊற்றிப் பொடியைப் போட்டுக் குலுக்குவாள். ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பாள். சூடுதான் பார்ப்பாள், வேறு எதையும் பார்க்க மாட்டாள். அப்புறம் அந்தச் சின்ன வாய். பல் இல்லாத, ரோஜா நிறத்தில் ஈறு மட்டும் இருக்கிற வாய். ஆசிட் பட்டுத் தடித்துப்போன தன் விரல்களை அவர் பார்த்தார். உப்புத்தாள் மாதிரி இருந்த விரல்கள். எதையாவது தமாஷாக நினைக்கப் பார்த்தார். மண்டைக்குள் ஒரு அறையிலும் ஆள் இல்லை.

சிக்னலில் லாரி திரும்பியது. சுரண்டி சிவப்பு, பச்சை எதையும் பார்க்கவில்லை. நாலு பக்கமும் திட்டினார்கள், அவருடைய முன்னோர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தும்மியிருப்பார்கள்.

கட்டட வாசலில் மொபெட்டை நிறுத்தவில்லை, விட்டுவிட்டார். அது தானாகப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டது. வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அண்ணே! தண்ணியா அது? அருவி! என் வாளியத் தூக்கிட்டுப் போயிடுச்சு. எங்க ஓடுறீங்க, லிஃப்ட் வேலை செய்யலண்ணே!"

படியில் பாய்ந்தார். முதல் மாடியில் டைலரம்மா வழி மறித்தாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து வெள்ளைத் துகள் விழுந்து கறுப்புத் துணியெல்லாம் வீணாகிறது என்று வருஷக்கணக்கில் அவரைத் திட்டியவள், இப்போது இரண்டு கையிலும் முழங்கை வரை நுரையோடு நின்றாள்.

"இங்க பாருங்க தம்பி, நுரை! ஒரு தேய்ப்புத்தான் தேய்ச்சேன், வீடு முழுக்க மேகம். உங்க வாய்க்குச் சர்க்கரை..."

"தள்ளுங்கக்கா!"

"அட, என்ன மனுஷன் இவன்! பாராட்டினாக்கூடப் பாய்றான்" என்று அவளும் பின்னாலேயே ஏறினாள். பாதிப் படியில் அவர் முகம் திரும்பியபோது பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவளும் பேசாமல் ஓடி வந்தாள், நுரை சொட்டச் சொட்ட.

உச்சி மாடி. கதவு உள்ளே பூட்டியிருந்தது. காலிங் பெல்லை அழுத்தினார், சத்தம் வரவில்லை. குழந்தை தூங்க வேண்டும் என்று தங்கச்சி பாட்டரியைக் கழற்றி வைத்திருந்தாள். தட்டினார். காதைக் கதவில் வைத்தார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் இல்லை. தங்கச்சி நடக்கிற சத்தம் இல்லை. ஒரு வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்து ஒரு சத்தமும் வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டார். கதவை இரண்டு கையாலும் இடித்தார். "அம்மா! பாப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே வாட்ச்மேன் தொப்பியைப் பிடித்துக்கொண்டாராம்.

உள்ளே தூரத்தில் ஒரு கதவு திறந்தது. காலடி. தாழ்ப்பாள்.

தங்கச்சி நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. தோளில் குழந்தை, அசையாமல், கன்னம் அழுந்திக் கிடந்தது.

சுரண்டி விரலை நீட்டினார், குழந்தையைத் தொடப் பயந்து பாதியில் நிறுத்தினார்.

"அண்ணா" என்றாள் தங்கச்சி ரகசியமாக. "கெட்டிலுக்குள்ள என்னமோ இருக்கு."

"பால்... குடுத்தியா?"

"தண்ணி பிடிச்சேன், வெச்சேன், பொடி டப்பாவ எடுக்கத் திரும்பினேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம். பாத்தா நுரை நுரையா பொங்கி மேல வருது. நான் இன்னும் பிளக்கே மாட்டலண்ணா! ஒயர் கீழ தொங்குது, அது பாட்டுக்குக் கொதிக்குது. என்னவோன்னு பயந்துபோய் இவளத் தூக்கிட்டு ஓடி, பால்கனிக் கதவச் சாத்திட்டு நின்னுட்டேன்..."

"பால் குடுத்தியான்னு கேட்டேன்!"

"எதக் குடுக்கறது? கத்தாதண்ணா, பசியில அழுதழுது இப்பத்தான் கண்ண மூடினா. இதோ, எழுப்பிட்ட பாரு!"

தோளில் கிடந்த குழந்தை தலையைத் தூக்கியது. ஒரு கண்ணைத் திறந்து மாமனைப் பார்த்தது. பிறகு தன் கை முஷ்டியை வாய்க்குள் விட்டு ஒரு சப்பு சப்பிப் பார்த்து, பால் வரவில்லை என்று தெரிந்ததும், கட்டடமே அதிர வீறிட்டது. உலகத்தில் அவ்வளவு நல்ல சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். டைலரம்மா என்ன செய்வது என்று தெரியாமல் நுரைக்கையால் அவர் முதுகைத் தடவினாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். கெட்டிலில் பொங்குவது அடங்கியிருந்தது. குனிந்து பார்த்தார். காலையில் பாறையாக இருந்த சுண்ணாம்பு அங்கங்கே அரித்துப்போய்த் திட்டுத் திட்டாகத் தகரம் தெரிந்தது. ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆசிட் சுண்ணாம்பைப் பார்த்தால் பொங்கும், அவ்வளவுதான். தீப்பெட்டியில் அவர் வைத்திருக்கிற அதே தூள், அவர் செய்ய மறந்த அதே சோதனை. அவர் மறந்ததைக் கெட்டில் செய்திருந்தது.

காலையில் இந்தக் கெட்டில் இந்தக் கையில்தான் இருந்தது. தங்கச்சி பிடுங்காமல் இருந்திருந்தால், அவர் முகம் பார்க்கிற மாதிரி தேய்த்துக் கொடுத்திருந்தால், அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி, சாது மாதிரி, சத்தமே போடாமல் உள்ளே இருந்திருக்கும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் கூட்டிச் சொல்லாத முதல் விஷயம் அது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அந்தச் சின்னக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சொட்டியது.

"கழட்டிடுண்ணா" என்றாள்.

கழற்றினார். உள்ளே இருந்ததை வடித்து, குழாயை அறுத்து, சுவர் ஓட்டையை மூடியால் அடைத்தார். பிறகு எல்லா வீட்டுக்கும் மறுபடி போய் ஒவ்வொரு குழாயிலும் டம்ளர் பிடித்தார். "காலையிலதான பாத்தீங்க?" என்று கேட்டவர்களிடம், "உங்க வீட்டுல நான் எப்பவாவது புதுசா எதாவது போட்டுக் குடுத்திருக்கேனா?" என்று வாசலுக்கு வாசல் விசாரித்தார். டைலரம்மாவே கூட வந்து, "சொல்லுங்கடி, மறைக்காம சொல்லுங்க" என்று அதட்டினாள். எங்கேயும் பொங்கவில்லை.

அதற்குள் புருஷன்காரன் வந்து சேர்ந்தான், யூனிபார்மோடு, வேர்த்து ஊற்ற. மச்சானை ஒரு பார்வை பார்த்தான். அடிப்பானோ என்று நினைத்துச் சுரண்டி கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றார். அவன் குழந்தையை வாங்கி மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டான். "ஸ்பீக்கர்ல போட்டேன் மச்சான்" என்றான், தலையைத் தூக்காமல்.

சமையலறைத் தண்ணீரில் பால் கலக்கப் போனாள் தங்கச்சி. சுரண்டி குறுக்கே வந்தார். புதுப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, சுண்ணாம்பு போட்டுப் பார்த்து, இன்னொரு டம்ளர் பிடித்து மடமடவென்று தானே குடித்தார். குடித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்னண்ணா பண்ற?"

"எனக்கு ஏதாவது ஆகுதான்னு பாக்குறேன்."

"அவ பசியில கத்துறா, நீ என்ன சோதனை எலியா? எந்திரி!"

பால் கலந்து கொடுத்தாள். பாப்பா ஆவேசமாக உறிஞ்சியது. ஒவ்வொரு மடக்குக்கும் சுரண்டியின் தொண்டை ஏறி இறங்கியது. புட்டி காலியாகி, ஒரு லாரி டயர் வெடித்த மாதிரி ஏப்பம் விட்டதும்தான் எழுந்தார்.

கிளம்பும்போது தங்கச்சி கெட்டிலைக் கழுவிக் கொண்டு வந்து நீட்டினாள். "இந்தா. காலையில அவ்வளவு கெஞ்சினியே, கொண்டு போய்த் தேய்ச்சுக் கொண்டா."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. அது கிட்ட நான் வர மாட்டேன்."

சாயங்காலம் வீட்டில், பெண்டாட்டி பாதியில் நின்ற சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்தாள். சுரண்டி ஒரு வாய் வைத்தார். சுவரைப் பார்த்தார்.

"அந்த மொபெட்டு இருக்கே, நான் இல்லாமலே போய்ச் சுவத்துல சாஞ்சுக்கிச்சு. எனக்கு அதோட அறிவு இருந்திருந்தா நான் கலெக்டர்."

அவள் ரசம் ஊற்றினாள்.

"டைலரம்மா என் முதுகுல நுரையத் தடவிட்டா. இனிமே ஒரு வருஷத்துக்கு நான் குளிக்க வேண்டியதில்ல."

அடுத்து ஏப்பத்தைப் பற்றி ஒன்று, லாரிக்காரனைப் பற்றி ஒன்று. நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்தது. அவள் எதற்கும் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, நகர்ந்து வந்து, அவருடைய அந்த உப்புத்தாள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பயம் மெல்ல மெல்ல, ஜோக் வருகிற அந்தப் பழைய அளவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் பேசி முடிக்கும் வரை அவள் கையை விடவில்லை.